செல்லோ, கிடார், டிரம்ஸ் மட்டும்: பேஸ் இல்லாத புரோகிரசிவ் மெட்டலில் அடித்தளம் நிற்க என்ன வழி?

தாழ்தந்தி கேட்டது:

மூன்று பேர் கொண்ட புரோகிரசிவ் மெட்டல் குழு. செல்லோ, கிடார், டிரம்ஸ் அவ்வளவுதான். பேஸ் கிடார் சேர்க்கும் எண்ணம் இல்லை. முன்மாதிரி என்று சொன்னால் சான் பிரான்சிஸ்கோவின் கிரேசியான் குழு. ஜாக்கி பெரெஸ் கிராட்ஸின் செல்லோ அங்கே அலங்காரமாக ஒதுங்கி நிற்பதில்லை, பாட்டே அதன் தோளில்தான் நிற்கிறது. அந்த மாதிரி கட்டமைப்புதான் வேண்டும்.

இப்போதைய அமைப்பு: சாதாரண மர செல்லோ, எஃகுத் தந்திகள், குதிரையில் (தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டு) ஒட்டிய பீசோ பிக்கப் (அதிர்வை மின்சிக்னலாக்கும் உணரி), அங்கிருந்து நேராக டிஸ்டார்ஷன் பெடல், பிறகு கிடார் ஆம்ப். கிடார் டிராப் சி ட்யூனிங்கில், அதாவது கீழ்த் தந்தி சி-யில், இருக்கிறது.

சிக்கல்கள் மூன்று:

1. சி தந்தியில் வாசித்தால் கனமே இல்லை. தகரத்தைத் தட்டியது போல ஒலிக்கிறது.
2. ஆம்பைக் கொஞ்சம் ஏற்றினாலே ஊளையிடுகிறது. பெரும்பாலும் எஃப் சுரத்தை ஒட்டி.
3. 7/8 ரிஃப்களில் (சுற்றுக்கு ஏழு எட்டாம் சுரங்கள் கொண்டு திரும்பத் திரும்ப வரும் சொற்றொடர்கள்) ஒரு சுற்று அழுத்தமாக விழுகிறது, அடுத்த சுற்று சப்பென்று போகிறது. 200 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 200 பீட்) பதினாறாம் சுரங்களை (பீட்டுக்கு நான்கு; எட்டாம் சுரம் என்றால் இரண்டு) சி தந்தியில் வாசித்தால் வெறும் கரகரப்புதான் மிஞ்சுகிறது.

பெடலை மாற்றுவதா, பிக்கப்பை மாற்றுவதா, வாசிப்பை மாற்றுவதா?

---

ஒலிமேசை:

முதல் இரண்டு சிக்கல்களுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். டிஸ்டார்ஷன் பெடலைக் குறை சொல்ல வேண்டாம். கோளாறு அதற்கு முன்னாலேயே நடந்துவிடுகிறது.

பீசோ என்பது மின்சார ரீதியில் ஒரு சிறிய கபாசிட்டர். அது போய்ச் சேரும் கருவியின் உள்ளீட்டு இம்பீடன்ஸோடு (சிக்னலுக்கு அது தரும் மின் எதிர்ப்பு) சேர்ந்து ஒரு ஹை-பாஸ் ஃபில்டர், அதாவது கீழ் அதிர்வெண்களைக் குறைக்கும் வடிகட்டி, ஆகிவிடும். பீசோவின் கபாசிட்டன்ஸ் 1 நானோஃபாரட் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான கிடார் பெடலின் உள்ளீடு 1 மெகாஓம். கணக்குப் போட்டால் வெட்டு விழும் இடம் சுமார் 159 ஹெர்ட்ஸ். செல்லோவின் சி தந்தி 65.4 ஹெர்ட்ஸ், ஜி தந்தி 98 ஹெர்ட்ஸ். இரண்டின் அடிச்சுரமும் பெடலுக்குள் நுழையும்போதே ஏறத்தாழ பாதியோ அதற்கு மேலோ போய்விடுகிறது. குறைந்துபோனதை ஈக்யூவால் (அதிர்வெண்களை ஏற்றி இறக்கும் கருவி) முழுதாகச் சரிக்கட்டுவது கடினம். ஏற்றினால் இரைச்சலும் சேர்ந்து ஏறும். அதே பீசோவை 10 மெகாஓம் உள்ளீட்டில் சொருகினால் வெட்டு 16 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், சி தந்தி முழுதாக வரும். எல்.ஆர். பேக்ஸ் பாரா டி.ஐ. போன்ற அக்கூஸ்டிக் ப்ரீஆம்ப்களில் இந்த 10 மெகாஓம் உண்டு. வாங்கும் முன் விவரத்தாளில் அந்த ஒரு எண்ணைப் பாருங்கள். ப்ரீஆம்ப்தான் முதல் கண்ணி, அதற்கு முன்னால் எதுவும் வரக்கூடாது. பிக்கப்பிலிருந்து ப்ரீஆம்ப் வரையிலான கேபிளும் குட்டையாக இருக்கட்டும். அங்கே சிக்னலின் இம்பீடன்ஸ் அதிகம், நீளக் கேபிள் சத்தத்தைக் குறைப்பதோடு இரைச்சலையும் பிடித்துக்கொள்ளும்.

அடுத்து ஊளை. செல்லோவின் உள்ளே இருக்கும் காற்று 100 ஹெர்ட்ஸை ஒட்டி அதிரும். மரப்பெட்டியின் முக்கியமான அதிர்வு பெரும்பாலான செல்லோக்களில் 165–185 ஹெர்ட்ஸுக்குள் எங்கோ இருக்கும். நடு எஃப் 175 ஹெர்ட்ஸ். நீங்கள் சொல்லும் ஊளை அதுதான். வில்லால் வாசிக்கும்போது நடுங்கிக் கொப்பளிக்கும் ஓநாய்ச் சுரமும் அதே இடத்தில்தான் குடியிருக்கிறது. டிஸ்டார்ஷன் செய்வது என்னவென்றால் சின்னச் சத்தத்தையும் பெரிய சத்தத்தின் உயரத்துக்குத் தூக்கிவிடுகிறது. ஆம்பிலிருந்து வந்து மரத்தைத் தொடும் மெல்லிய அதிர்வும் 30, 40 டெசிபல் ஏறித் திரும்பப் போகிறது. ஊளையிடாமல் என்ன செய்யும்?

ஆகவே அடித்தளமும் வேண்டும், ஊளையும் கூடாது என்றால் சிக்னலை இரண்டாகப் பிரியுங்கள். பேஸ் இல்லாத குழுவுக்கு இது கட்டாயம் என்றே சொல்வேன்.

கீழ்ப்பாதை: ப்ரீஆம்ப், 45 ஹெர்ட்ஸில் ஹை-பாஸ், 250 ஹெர்ட்ஸில் லோ-பாஸ் (அதற்கு மேலே உள்ளதைக் குறைப்பது), 4:1 விகிதத்தில் மிதமான கம்ப்ரஷன் (சத்தத்தின் ஏற்றத்தாழ்வைக் குறைப்பது), பேஸ் ஆம்ப். டிஸ்டார்ஷன் துளியும் வேண்டாம்.

மேல்பாதை: அதே ப்ரீஆம்ப், 250 ஹெர்ட்ஸில் ஹை-பாஸ், அதன் பிறகு டிஸ்டார்ஷன், பிறகு கிடார் ஆம்பும் கேபினெட்டும். நேரே மிக்ஸருக்குப் போகிறீர்கள் என்றால் கேபினெட் சிமுலேஷன் (கிடார் ஸ்பீக்கர் பெட்டியைப் போல ஒலிக்கச் செய்வது) இல்லாமல் போகாதீர்கள். கிடார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக எதையும் விடாது. அந்த வடிகட்டல் இல்லாவிட்டால் வில்லின் உராய்வு முழுதும் காதில் குத்தும்.

250 என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம், 100, 175 ஹெர்ட்ஸ் இரண்டு அதிர்வும் சுத்தமான கீழ்ப்பாதைக்குள் அடங்கிவிடும். அதிக கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) உள்ள பாதைக்கு அவை குறைந்துதான் போகும். 150-இல் பிரித்தால் எஃப் மறுபடி டிஸ்டார்ஷனுக்குள் நுழைந்துவிடும்.

கெயினைப் பற்றி: கிடாருக்கு வைக்கும் அளவில் பாதிகூடத் தேவைப்படாது. வில் இழுக்கும்போது தந்தி உண்டாக்கும் அலை கிட்டத்தட்ட ரம்பப்பல் வடிவம். ஹார்மோனிக்ஸ் (அடிச்சுரத்தின் மடங்குகளாக வரும் மேல் அதிர்வுகள்) ஏற்கெனவே நிறைய. கிடார் தந்தியைப் போல அடித்தவுடன் தேய்ந்து போகாமல் வில் ஓடும் வரை அந்தச் சத்தம் அதே பலத்தில் நிற்கும். கெயின் குமிழைக் கடிகார முள்போல 9 மணிக்கு வைத்துத் தொடங்குங்கள், 11-ஐத் தாண்ட வேண்டி வராது.

கவனிக்க வேண்டிய ஒரு பொறி: மேல்பாதையில் டிஜிட்டல் மாடலர் (ஆம்பின் ஒலியை டிஜிட்டலாகப் போலச் செய்யும் கருவி) இருந்தால் அது சில மில்லிசெகண்ட் தாமதிக்கும். 2 மில்லிசெகண்ட் தாமதம் 250 ஹெர்ட்ஸில் சரியாக அரைச் சுற்று. இரண்டு பாதையும் சந்திக்கும் இடத்திலேயே ஒன்றையொன்று அடித்துச் சாப்பிடும். செல்லோவின் நடுப்பகுதி காணாமல் போய்விட்டது என்று தோன்றினால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். இரண்டு பாதையையும் ஒரே கருவிக்குள் பிரித்து ஓட்டுவது நல்லது. முடியாவிட்டால் கீழ்ப்பாதைக்கும் அதே தாமதத்தைக் கொடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஊளை மிச்சமிருந்தால், இந்த வரிசையில் போங்கள். ப்ரீஆம்பில் உள்ள ஃபேஸ் பொத்தானை (அலையைத் தலைகீழாக்குவது) மாற்றிப் பாருங்கள். எஃப் வடிவத் துளைகளை ஃபோம் வைத்து அடையுங்கள், 100 ஹெர்ட்ஸ் அதிர்வு நன்றாக அடங்கும். ஆம்பின் முன்னால் உட்காராமல் பக்கவாட்டில் உட்காருங்கள், செல்லோவின் முகம் ஸ்பீக்கரைப் பார்க்கக் கூடாது. கடைசியாக நாட்ச் ஃபில்டர்: ஒலியை மெல்ல ஏற்றி, ஊளை தொடங்கும் அதிர்வெண்ணை ஃபோனில் ஸ்பெக்ட்ரம் ஆப் வைத்துப் படித்து, அங்கே மட்டும் குறுகலாக 6 டெசிபல் இறக்குங்கள். இரண்டு நாட்சுக்கு மேல் போட்டால் செல்லோ செல்லோவாக இருக்காது.

---

மின்வில்:

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் மேடையில் டிரம்ஸ் பக்கத்திலேயே இருந்தால் மரப்பெட்டியோடு கடைசி வரை மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். மெட்டல் மட்டும்தான் வாசிக்கப் போகிறீர்கள் என்றால் பெட்டியே இல்லாத எலக்ட்ரிக் செல்லோவைப் பாருங்கள். அதிர ஒன்றும் இல்லை, ஊளை அநேகமாக இல்லை. ஐந்து தந்தி மாதிரியில் சி-க்குக் கீழே ஒரு எஃப் தந்தி போட்டுக்கொள்ளலாம். அது 43.65 ஹெர்ட்ஸ். பேஸ் கிடாரின் கீழ்த் தந்தியான இ 41.2. அரைச்சுரம்தான் வித்தியாசம். உங்கள் பேஸ் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது.

மர செல்லோவிலேயே இருக்க விரும்பினால் விரல்பலகையின் முனையில் மேக்னடிக் பிக்கப் பொருத்தலாம். அது தந்தியின் அசைவை மட்டும் படிக்கும், மரத்தின் அசைவை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. எஃகுக் கரு உள்ள தந்தி கட்டாயம். நைலான் கரு, நரம்புக் கருத் தந்திகளுக்கு இது உதவாது.

---

ஒலிமேசை:

மேக்னடிக் நல்ல யோசனை, ஒரு எச்சரிக்கையோடு. செல்லோவின் தந்திகள் வளைவாக நிற்கின்றன. தட்டையான பிக்கப் போட்டால் நடுவில் உள்ள ஜி, டி இரண்டும் காந்தத்திலிருந்து விலகிவிடும். சி ஓங்கியும் ஜி தேய்ந்தும் வரும். வளைந்த பிக்கப் அல்லது தந்திக்குத் தந்தி உயரம் மாற்றக்கூடிய காந்தங்கள் உள்ளதை வாங்குங்கள்.

ஐந்து தந்தி விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. 43 ஹெர்ட்ஸ் தந்தியை வில்லால் வேகமாகப் பேசவைப்பது வேறு வேலை. நீண்டு நிற்கும் சுரங்களுக்கு அருமை, ரிஃபுக்கு ஒத்துவராது. வில் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

---

ஏழரைக்கட்டை:

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். இது கருவி சார்ந்த சிக்கலே இல்லை, வில்லின் கணக்கு.

7/8-இல் எட்டாம் சுரங்களை ஒன்றுவிட்டொன்று டவுன்-போ (கைப்பிடியிலிருந்து நுனிக்கு இழுப்பது), அப்-போ (நுனியிலிருந்து கைப்பிடிக்குத் தள்ளுவது) என்று வாசித்தால் ஏழு ஒற்றைப்படை. முதல் சுற்று டவுனில் தொடங்கி டவுனில் முடியும், அடுத்த சுற்று அப்பில் தொடங்கும். செல்லோவில் டவுன்-போ கைக்கு அருகே, அடிப்பகுதியில் தொடங்குகிறது. கையின் எடை முழுதும் அங்கேதான் இறங்கும். அப்-போவில் அந்த எடை கிடைக்காது. உங்கள் ஒவ்வொரு இரண்டாம் சுற்றும் சப்பென்று போவது இதனால்தான்.

வழி: சுற்றுக்கு ஆறு வில் அசைவுதான் வரும்படி ஏதாவது இரண்டு சுரங்களை ஒரே அப்-போவில், நடுவே நிறுத்தி, வாசியுங்கள். எந்த இரண்டு என்பதை ரிஃபின் பிரிப்பு முடிவு செய்யும்.

3+2+2, அதாவது தகிட தக திமி என்றால்: த டவுன், கி அப், ட அப், த டவுன், க அப், தி டவுன், மி அப்.

2+2+3, தக திமி தகிட என்றால்: டவுன், அப், டவுன், அப், டவுன், அப், அப்.

இரண்டிலும் ஒவ்வொரு பிரிவின் முதல் எழுத்தும் டவுன்-போவில் விழுகிறது, அடுத்த சுற்றும் டவுனில் தொடங்குகிறது. 5/8-க்கும் இதே விதி: தக தகிட என்றால் டவுன், அப், டவுன், அப், அப். 7/8-இல் ஒரே சீரான பதினாறாம் சுரங்கள் என்றால் பதினான்கு அசைவு, இரட்டைப்படை, எதுவும் செய்ய வேண்டாம். ரிஃப் எழுதும்போதே வில் குறிகளையும் எழுதிவிடுங்கள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கை தவறான பழக்கத்தில் ஊறிப்போகும். வில்லைத் தூக்கித் திரும்ப டவுனில் வைப்பதும் ஒரு வழிதான், ஆனால் வேகத்தில் அதற்கு நேரம் இருக்காது, டிஸ்டார்ஷனில் அந்த இடைவெளி அப்பட்டமாகக் கேட்கும்.

இனி 200 பிபிஎம் கரகரப்பு. 200-இல் ஒரு பதினாறாம் சுரம் 75 மில்லிசெகண்ட். சி தந்தி ஒருமுறை அதிர்ந்து முடிக்க 15.3 மில்லிசெகண்ட் ஆகும். ஒரு சுரத்துக்குள் ஐந்து அதிர்வுதான். வில் பிடித்த தந்தி ஒட்டியும் வழுக்கியும் சீரான ஓட்டத்துக்கு வருவதற்கே அதில் சில அதிர்வுகள் செலவாகிவிடும். சுரம் பிறக்கும் முன்பே வில் திரும்பிவிடுகிறது, உங்களுக்குக் கேட்பது தொடக்கக் கரகரப்பு மட்டும். ஜி தந்தியில் அதே நேரத்தில் ஏழு அதிர்வு, டி தந்தியில் பதினொன்று. அதனால் வேகமான ரிஃபை ஜி, டி தந்திகளுக்கு ஏற்றுங்கள், சி-யை எட்டாம் சுரத்துக்கும் அதைவிட நீண்டதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன எஃப் தந்தி என்றால் 75 மில்லிசெகண்டில் மூன்றே கால் அதிர்வு. ஒலிமேசை சொன்னது சரி.

சி-யில் எட்டாம் சுரம் தெளிவாக வர: வில்லை ஓடவிட்டு தந்தியில் இறக்காதீர்கள். முதலில் வில்லைத் தந்தியில் வைத்து எடையை இறக்குங்கள், பிறகு நகர்த்துங்கள். அடிப்பகுதியில் ஐந்தாறு சென்டிமீட்டர் மயிர் போதும். குதிரைக்கு மிக அருகே போனால் டிஸ்டார்ஷன் கிறீச்சிடும். கிடாரின் பாம் மியூட் போல வெட்டு வேண்டுமென்றால் சுரம் முடிந்ததும் வில்லைத் தந்தியிலேயே நிறுத்துங்கள், அதுவே தந்தியை அமுக்கிவிடும். ரோசின் (வில் மயிரில் பூசும் பிசின்) குறைவாகப் பூசுங்கள், ஒவ்வொரு முறை வாசித்த பிறகும் தந்தியைத் துணியால் துடையுங்கள். படிந்த ரோசின் சுத்தமான ஒலியில் தெரியாது, கெயினில் மணல் தேய்ப்பது போலக் கேட்கும்.

இன்னொன்று. செல்லோ பஞ்சம இடைவெளியில் ட்யூன் ஆன கருவி, சி, ஜி இரண்டையும் திறந்து சேர்த்து இழுத்தாலே பவர் கார்ட். டிஸ்டார்ஷன் 65.4-ஐயும் 98-ஐயும் கலக்கும்போது அவற்றின் வித்தியாசமான சுமார் 32.7 ஹெர்ட்ஸும் பிறக்கிறது. அது சி-க்கு ஒரு ஸ்தாயி கீழே உள்ள சி. பேஸ் இல்லாத குறையைப் பெருமளவு தீர்ப்பது இதுதான். மேலே போக, ஒரே விரலை இரண்டு தந்திக்கும் நடுவே தட்டையாக அழுத்தினால் போதும். ஒரு நிபந்தனை: தந்திகளில் ஒன்று தேய்ந்திருந்தால் விரல் ஒரே கோட்டில் இருந்தும் பஞ்சமம் சேராது. சி, ஜி இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

---

தாழ்தந்தி:

தகிட தக திமி வில் முறை உடனே பிடிபட்டுவிட்டது. இரண்டு பாதைப் பிரிப்பும் புரிந்தது. ஒரே ஒரு சந்தேகம்: 250-க்குக் கீழே டிஸ்டார்ஷன் இல்லை என்றால் அந்த 32.7 ஹெர்ட்ஸ் எப்படிப் பிறக்கும்?

அதோடு, கிடாரும் டிராப் சி என்பதால் இரண்டு கருவியும் ஒரே சி-யில் நிற்கின்றன. சேர்ந்து பிடித்தால் மெல்ல அலையடிக்கிறது. ட்யூனர் வைத்துத்தான் ஏ-யைச் சேர்க்கிறோம்.

---

ஒலிமேசை:

250-க்கு மேலே போகும் ஹார்மோனிக்ஸிலும் அதே உறவு இருக்கிறது. சி-யின் நான்காவது ஹார்மோனிக் 262 ஹெர்ட்ஸ், ஜி-யின் மூன்றாவது 294. வித்தியாசம் மறுபடி 32.7-ஐ ஒட்டித்தான். டிஸ்டார்ஷன் அதை உருவாக்கிவிடும். ஆனால் கிடார் கேபினெட் 32 ஹெர்ட்ஸை வெளியே தள்ளாது. நம் காதுக்கு எட்டுவது அதன் மேல் மடங்குகள், அவற்றை வைத்துக் காது கீழ்ச் சுரத்தைக் கட்டிக்கொள்கிறது. எனவே பிரிப்பை மாற்ற வேண்டாம்.

---

ஏழரைக்கட்டை:

அலையடிப்புக்குக் காரணம் ட்யூனிங். ஏ-யை மட்டும் ட்யூனரில் சேர்த்துவிட்டு மற்றதைக் காதால் தூய பஞ்சமமாக இறக்கினால் சி 65.19 ஹெர்ட்ஸில் நிற்கும். கிடாரின் சி 65.41. வித்தியாசம் 6 செண்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு செண்ட்), அடிச்சுரத்தில் ஐந்து விநாடிக்கு ஒரு அலை, யாருக்கும் தெரியாது. எட்டாவது ஹார்மோனிக்கில் விநாடிக்கு கிட்டத்தட்ட இரண்டு அலை. டிஸ்டார்ஷன் முன்னால் தள்ளுவது அந்த ஹார்மோனிக்ஸைத்தான். நான்கு தந்தியையும் தனித்தனியாக ட்யூனரில் வையுங்கள். பஞ்சமம் தூயதிலிருந்து 2 செண்ட்தான் விலகும், பவர் கார்டுக்கு அது பாதகமில்லை.

அமைப்பைப் பொறுத்தவரை, ஒரே சி-யில் இரண்டு கருவியும் ஒரே ரிஃபை வாசிப்பதை உச்சத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 1993-இல் ஹெல்சிங்கியின் சிபெலியஸ் அகாடமியில் தொடங்கிய அபோகாலிப்டிகா என்ற செல்லோ குழுவின் 1996 முதல் ஆல்பத்தைக் கவனியுங்கள். நான்கு செல்லோ, டிரம்ஸ்கூடக் கிடையாது. மெட்டாலிகாவின் கிடார், பேஸ், குரல் எல்லாவற்றையும் அந்த நான்கும் பங்கு போட்டுக்கொள்கின்றன. யார் ரிஃப், யார் அடித்தளம், யார் பாட்டு என்பது குழம்புவதே இல்லை. 2003 ஆல்பத்தில் ஸ்லேயரின் டேவ் லொம்பார்டோ டிரம்ஸ் வாசித்தபோதும் செல்லோக்கள் அந்தப் பங்கீட்டை விட்டுவிடவில்லை. உங்களிடம் இருப்பது ஒரே செல்லோ, ஆகவே பங்கீடு நேரத்தால் நடக்க வேண்டும். செல்லோ கீழே பவர் கார்டைத் தாங்கும்போது கிடார் ஒரு ஸ்தாயி மேலே ஆர்பெஜியோ வாசிக்கட்டும். செல்லோ டி, ஏ தந்திகளில் பாட வரும்போது கிடார் கீழே இறங்கட்டும். அந்த மாற்றம் நடக்கும் சுற்றில் இருவரும் ஒரே நேரத்தில் கீழ்த்தளத்தை விட்டு எழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒருவர் சுரத்தை ஒரு பீட் நீட்டினாலே போதும்.

---

மின்வில்:

கிடார் இன்னும் கீழே போனால் செல்லோவையும் இறக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். சி-யை பி-க்கு இறக்கினால் தந்தியின் இழுவிசை 11 சதவீதம் குறையும், சமாளிக்கலாம். ஏ-க்கு இறக்கினால் 29 சதவீதம். தந்தி தொளதொளத்து, வில் அழுத்தும்போது சுருதி ஏறி இறங்கும், விரல்பலகையில் பட்டுப் படபடக்கும். அவ்வளவு கீழே வேண்டுமென்றால் அதற்கென்று தடித்த தந்தி போட வேண்டும், பேச்சு இன்னும் மந்தமாகும் என்பதைத் தெரிந்துகொண்டு போடுங்கள்.

ஓநாய்ச் சுரத்துக்கு: குதிரைக்கும் டெயில்பீஸுக்கும் (தந்திகளின் கீழ்முனை மாட்டும் பகுதி) நடுவே ஜி தந்தியில் மாட்டும் சிறிய பித்தளைக் குழாய் கிடைக்கும், உள்ளே ரப்பர் இருக்கும். திருகைத் தளர்த்தி இரண்டு, மூன்று மில்லிமீட்டராக நகர்த்திப் பாருங்கள். நடுக்கம் குறையும் இடத்தில் இறுக்குங்கள். ஜி-யில் பலனில்லை என்றால் சி-யில் முயலலாம். தந்தி மாற்றும்போது பழைய இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

---

ஒலிமேசை:

நாய்ஸ் கேட் (சிக்னல் குறைந்ததும் ஒலியை மூடிவிடும் கருவி) பற்றி யாரும் சொல்லவில்லை. டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் கேட் வைத்து அந்தச் சிக்னலையே கேட்கவைத்தால், அமுங்கிய சிக்னலில் வாசிப்பு எது, இரைச்சல் எது என்று அதற்குத் தெரியாது. மெல்ல முடியும் வில்லின் வாலைப் பாதியில் வெட்டிவிடும். தனி டிடெக்டர் உள்ளீடு உள்ள கேட் வாங்கி, ப்ரீஆம்பின் சுத்தமான சிக்னலை அந்த உள்ளீட்டுக்குக் கொடுங்கள், திறந்து மூடும் வேலை டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் நடக்கட்டும். ரிலீஸ் (கேட் மூட எடுக்கும் நேரம்) 100 மில்லிசெகண்டில் தொடங்கி, 7/8 ரிஃபின் நிறுத்தங்கள் சுத்தமாகும் வரை குறைத்துக்கொண்டே வாருங்கள். கீழ்ப்பாதையில் கேட் வேண்டாம்.